ஐயாவும் தம்பியும், நடுவில் நானும்

எண்பத்து மூன்றில் கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு தம்பி கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினான். ஐயாவும் நானும் விடியவே அச்சுவேலியிலிருந்து வெளிக்கிட்டுப் போய்த் துறைமுக வாசலில் காத்து நின்றோம். அவன் போட்டிருந்த சேர்ட் அவனுடையது அல்ல. தோள் தொங்கியது. காலில் செருப்பு இல்லை. ஐயா ஒன்றும் கேட்காமல், சால்வைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த கோயில் திருநீற்றை அவிழ்த்து அவன் நெற்றிக்குக் கையை நீட்டினார். தம்பி அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் ஐயா."

களைப்பில் சொல்கிறான் என்று நினைத்தோம். ஐயா அந்தத் திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருங்கி இருந்து வந்தோம். வழி முழுக்க ஐயா அவனுடைய மணிக்கட்டை விடவில்லை. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அவர்கள் இருவரும் அவ்வளவு நெருங்கி இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான். அம்மா நெடுநாளைக்கு முன்பே போய்விட்டா. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தம்பி கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். ஐயா தோட்டக்காரர், புகையிலையும் வெங்காயமும் வைப்பார். ஆனால் ஊரில் அவருக்கு மதிப்பு தோட்டத்தால் வரவில்லை. கோயிலில் புராணம் படிக்கிற நாட்களில் ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் அதற்குப் பொருள் விரித்துச் சொல்லுவார். பயன் சொல்லுகிறது என்போம். எங்கள் ஊரில் பயன் சொல்லுகிறவர் ஐயா. சட்டையில்லாத உடம்பில் திருநீற்றுக் குறிகளோடு அவர் வந்து இருந்தால், வெங்காயச் சந்தையில் அவரோடு விலை பேசிச் சண்டை பிடித்தவர்களும் கை கட்டிக் கேட்பார்கள். அவருடைய தகப்பன், வீட்டுக்குப் பக்கத்திலேயே மிஷன் பள்ளிக்கூடம் இருக்க, வேதக்காரரிடம் படிக்கக்கூடாது என்று மகனைத் தூரத்துச் சைவப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே அனுப்பியவர். மாரி காலத்தில் வெள்ளத்துக்குள்ளால் நடந்த கதையை ஐயா பெருமையோடுதான் சொல்லுவார். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரே மகன் திருநீறு வேண்டாம் என்றான்.

வந்து சில நாட்களில் தம்பி நடந்ததைச் சொன்னான். ஒரே ஒரு தரம்தான் சொன்னான்.

கலவரம் தொடங்கிய அன்று அவன் தங்கியிருந்த தெருவுக்குக் கும்பல் வந்திருக்கிறது. பின் மதிலால் பாய்ந்து ஓடியவனை ஒரு சிங்களக் குடும்பம் தங்கள் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியது. வீட்டுக்காரர் ஒரு சின்னச் சபையின் போதகர். அவருடைய வயதான தாய் நோய் வருத்தமாகப் படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே தம்பியைப் படுக்க வைத்தார்கள். கும்பல் வீட்டுக்குள்ளேயும் வந்தது. தம்பி அவர்களுடைய கால்களைக் கண்டான். கிழவி அவர்களை ஏசிக் கலைத்துவிட்டா. அவர்கள் போன பிறகு அந்தக் குடும்பம் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று செபம் செய்தது.

"எனக்கு முழுக்க விளங்கேல்லை, ஐயா. ஆனால் இடையிடையிலை என்ரை பேர் வந்தது. தங்கடை பாஷையிலை, என்ரை பேரைச் சொல்லிக் கும்பிட்டவை. நான் கட்டிலுக்குக் கீழை கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன்."

ஐயாவின் கண் கலங்கிவிட்டது. "அந்த மனுசன் இங்கை வந்தால் நான் காலிலை விழுந்து கும்பிடுவன். அதுக்கு நீ ஏன் மாறவேணும்?"

"நான் மாறேல்லை ஐயா. எனக்கு நடந்ததை நம்புறன். அவ்வளவுதான்."

"உன்னைக் காப்பாத்தச் சொல்லி நான் இங்கை நேத்தி வைச்சுக்கொண்டிருந்தன். அது நடக்கேல்லையோ?"

இருவரும் ஒரே உயிருக்குத்தான் நன்றி சொன்னார்கள். யாருக்குச் சொல்லுவது என்பதில்தான் பிரச்சினை. அன்றைக்கே அது தீர்ந்திருக்கலாம் என்று நான் முன்பு நினைப்பதுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. ஐயாவிடமிருந்து சைவத்தை எடுத்துவிட்டால் மிச்சமாக ஒரு வெங்காயத் தோட்டக்காரர்தான் இருப்பார். தம்பியிடமிருந்து அந்தக் கட்டிலடிச் செபத்தை எடுத்துவிட்டால் அவன் இன்னும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

தம்பி தோட்ட வேலைக்கு இறங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலில் கூடிய சபைக்குப் போய் வந்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இருக்கிற வேகம் அவனுக்கும் இருந்தது. சாமிப் படங்களை அவன் தொடவில்லை. ஆனால் படங்கள் இருந்த அறைக்குள் வருவதை நிறுத்தினான். ஊருக்குள் கதை பரவியது. அடுத்த புராணப் படிப்புக்கு ஐயா வெளிக்கிட்டுப் போனபோது, கோயில் வாசலில் ஒருவர் அவர் காதில் விழும்படி, "முதல்லை வீட்டிலை மகனுக்குப் பயன் சொல்லட்டும்" என்றாராம். ஐயா அன்று பயன் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தார். அதற்குப் பிறகு போகவில்லை. கேட்க வந்தவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வருடக் கோயில் திருவிழாவில் ஒரு நாள் ஐயா பிரசாதம் கொண்டுவந்து, சாப்பிட இருந்த தம்பியின் சோற்றுக் கோப்பையில் தானே வைத்தார். தம்பி கையை எடுத்துவிட்டு இருந்தான்.

"சாப்பிடு."

"இதை நான் தின்னமாட்டன் ஐயா."

"ஏன், நஞ்சோ?"

"பேய்க்குப் படைச்சதைத் தின்னக்கூடாது."

ஐயா கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "சோத்துக்கு மாறினவன் சோத்தைப் பற்றிக் கதைக்கிறான்" என்றார். ஒரு காலத்தில் பசிக்காகவும் உத்தியோகத்துக்காகவும் மதம் மாறியவர்களை எங்கள் ஊர்களில் அப்படித்தான் பேசுவார்கள். அதைவிடக் கேவலமான பேச்சு ஐயாவுக்குத் தெரியாது. நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். இருவரும் தங்களுக்குத் தெரிந்த மிகக் கொடிய சொல்லைச் சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு விளங்கியது. வேறு வேறு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அவர்கள் ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள். அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகுதான் ஏலாமல் போனது.

தம்பி வளவின் கோடியில் இருந்த புகையிலைக் கொட்டிலைத் துப்புரவாக்கிக்கொண்டு அங்கே போனான். அதற்குப் பிறகு நான் இரண்டு இடத்தில் சாப்பாடு பரிமாறினேன். இரண்டு பேருடைய கதையையும் காவினேன்.

"உவனைக் கேள், நாளைக்குத் தோட்டத்துக்கு இறைப்பு ஆரெண்டு."

"நான் இறைக்கிறன் எண்டு ஐயாட்டைச் சொல்லுங்கோ."

இருவருக்கும் இடையில் முற்றத்து அகலம்தான் இருக்கும். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திரும்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இறைப்பு நடக்காது. பள்ளிக்கூடத்தில் முழு நாளும் கத்திவிட்டு வந்து, வீட்டில் இந்த வேலையும் பார்த்தேன். எனக்கு ஒரு நல்ல சம்பந்தம் பேசி முற்றாகும் நேரத்தில், "தம்பி வேதமாமே?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். ஐயா ஓம் என்றார். அவர்கள் பிறகு வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்காகவும் ஒரு சண்டை நடந்தது. மகனால் மகளுடைய வாழ்க்கை போனது என்றார் ஐயா. அப்படிப்பட்ட ஆட்களிடம் அக்காவைக் கொடுக்காதது நல்லது என்றான் தம்பி. நான் என்ன நினைக்கிறேன் என்று அன்றைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு என்ன நம்பிக்கை என்றும் யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை மீன் மச்சம் சாப்பிடமாட்டேன், விளக்கேற்றுவேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

எண்பத்தேழில் விமானங்கள் அடிக்கத் தொடங்கியபோது தம்பி வாழைத் தோட்டத்து ஓரமாகப் பங்கர் வெட்டினான். தென்னங்குற்றிகளை மேலே அடுக்கி மண் போட்டு மூடினான். சத்தம் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் அதற்குள் ஓடுவோம். சண்டைக்காரர் இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்கவேண்டிய இடம் அது ஒன்றுதான். ஒரு பக்கம் ஐயா வாய்க்குள் தேவாரம் சொல்லுவார். மறுபக்கம் தம்பி செபம் செய்வான். விமானம் கிட்ட வர வர இரண்டு பேருடைய குரலும் உயரும். ஒருவர் உயர்த்துவதால் மற்றவரும் உயர்த்துவார். ஒரு நாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ரண்டு பேரும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ. பொம்பர் எந்தப் பக்கம் போகுதெண்டு எனக்குக் கேக்கவேணும்."

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அந்த நேரம்தான் குண்டு விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் விழுந்திருக்கவேண்டும். தம்பி ஐயாவையும் என்னையும் ஒன்றாக அமத்தி எங்கள் மேல் விழுந்து கிடந்தான். மேலிருந்து மண் கொட்டியது. எல்லாம் அடங்கி வெளியே வந்த பிறகு ஐயா என்னிடம் சொன்னார்:

"உவன்ரை முதுகெல்லாம் மண். தட்டிவிடு பிள்ளை."

தம்பி பக்கத்தில்தான் நின்றான். ஐயாவின் கைக்கு எட்டும் தூரம். நான்தான் தட்டிவிட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் ஐயா தோட்டத்தில் விழுந்தார். வலது பக்கம் இழுத்துவிட்டது. பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய ஒரு பழைய காரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மருந்து தட்டுப்பாடு. இருந்ததைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நாக்குத் தடித்து, ஒரு வசனம் சொல்ல அவருக்கு வெகுநேரம் எடுத்தது.

தம்பி கொட்டிலை விட்டு வீட்டுக்குள் வந்தான். வா என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பாயைக் கொண்டுவந்து ஐயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். நான் பள்ளிக்கூடம் போகவேண்டும். ஆகவே தூக்குவது, துடைப்பது, கிணற்றடியில் கதிரையில் இருத்திக் குளிக்க வார்ப்பது எல்லாம் அவன்தான். ஐயா முதல் சில நாட்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மகன் தன் உடம்பைக் காண்பது அவருக்குப் பெரிய கூச்சம். பிறகு பழகிவிட்டது.

ஐயாவுக்குத் திருநீறு பூசுவது என் வேலையாக இருந்தது. ஆனால் நான் வெளிக்கிடும் நேரத்துக்கு அவர் குளித்திருக்கமாட்டார். குளிக்காமல் பூசுவது அவருக்குப் பிடிக்காது. பின்னேரம் நான் வந்து பார்க்கும்போது நெற்றியில் திருநீறு இருக்கும். இடது கையால் பூசிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஹெலி சுற்றியதால் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின் படலையால் வந்தேன். கிணற்றடியில் ஐயா ஈரத் தலையோடு கதிரையில் இருந்தார். தம்பி மடியில் திருநீற்றுக் குடுக்கையை வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் குந்தியிருந்தான். ஐயாவின் செத்துப்போன வலது கையைத் தூக்கி, மூன்று விரல்களையும் பிரித்துக் குடுக்கைக்குள் தோய்த்து, அந்தக் கையை அவருடைய நெற்றிக்குக் கொண்டுபோனான். மெதுவாக இழுத்தான். கோடு வளைந்துதான் வந்தது. மறுபடியும் தோய்த்தான். ஐயாவின் வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. தம்பி தலையைக் குனிந்து அது முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் திரும்பிப் போய் முன் கேற்றால் சத்தம் போட்டுக்கொண்டு வந்தேன்.

சமைத்துக்கொண்டிருந்தபோது தம்பி விறகு கொண்டுவந்து போட்டான். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நீ திருநீறு பூசிவிடுறது சபையிலை தெரிஞ்சால் என்ன சொல்லுவினம்?"

"நான் பூசேல்லை அக்கா. ஐயாதான் பூசுறார். நான் கையைத் தூக்கிவிடுறன்."

"உனக்கு அது பிழையாத் தெரியேல்லையோ?"

"தெரியேல்லை. செய்யேக்கை மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. செய்யாட்டில் அதைவிடக் கஷ்டமா இருக்கும்."

இதையெல்லாம் சொல்லும்போது அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று யாரும் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. பேய் என்று சொன்னதைத் தம்பி திருப்பி எடுக்கவில்லை. அவன் அதை நம்பினான். நம்புகிற ஒன்றை எப்படித் திருப்பி எடுப்பது? சோத்துக்கு மாறினவன் என்றதை ஐயாவும் திருப்பி எடுக்கவில்லை. அவர் அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் ஊர்த் தகப்பன்மாருக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐயாவின் காய்ச்சலுக்காகத் தம்பி சபைக்குப் போகாமல் நிற்கிறான் என்று கண்டதும், "இண்டைக்கு... ஞாயிறெல்லோ. போட்டு வா. நான் கிடப்பன்" என்றார். நேரே அவனிடமே சொன்னார். நான் இடையில் தேவைப்படவில்லை. அன்று நான் வெறுமனே குசினிக்குள் போய் வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் இருந்தேன். உடம்பெல்லாம் நோவது அப்போதுதான் தெரிந்தது.

தொண்ணூற்று நாலில் ஐயா மோசமானார். சொந்தக்காரர், இனத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் வருத்தக்காரனுக்குக் கேட்கும் என்று யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டே, "கொள்ளி ஆர் வைக்கிறது?" என்று கேட்டார்கள். தகப்பனுக்கு மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும். மகன் வேதமாகிவிட்டான். பெரியப்பாவின் மகன் ஒருவர் அடுத்த வளவில் இருந்தார். எங்களுக்கும் அவருக்கும் வேலிச் சண்டை; நெடுநாளாகப் பேச்சில்லை. வேறு ஆண்கள் இல்லை.

தம்பி அந்த வாரம் தன் போதகரிடம் போய்க் கேட்டான். செய்யக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்து கிணற்றடியில் என்னிடம் சொன்னான்:

"நான் வைக்கப்போறன் அக்கா. சபையிலை இருந்து விலத்தினாலும் பரவாயில்லை. ஐயாவை ஊர் பகிடி பண்ண விடமாட்டன்."

"யோசிச்சுத்தான் சொல்லுறியோ?"

"ஓம். இதிலை யோசிக்க என்ன இருக்கு."

யோசித்திருக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது. பல நாள் நித்திரை இல்லாத முகம்.

அடுத்த நாள் காலையில் ஐயா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினேன்.

"தம்பி. கொள்ளி நீ வைக்கவேண்டாம்."

தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏன் ஐயா? நான் செய்யிறன். நான் அக்காட்டைச் சொல்லிட்டன்."

"நீ அதை நம்பேல்லை."

"நம்பாட்டிலும் செய்வன். உங்களுக்காக."

ஐயா தலையை அசைத்தார். எச்சில் வழிந்தது, நான் துடைத்தேன். அவர் காத்திருந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்.

"எனக்காக வேண்டாம். நம்பாதவன் வைக்கிற நெருப்பு எனக்கு வேண்டாம். நம்பாததை உன்னைக்கொண்டு செய்விக்கவும் வேண்டாம். அண்ணற்றை பெடியனைக் கூப்பிடுங்கோ. அவன் வைக்கட்டும்."

தம்பி வெளியே போனான். மத்தியான வெயிலில் யாரும் தோட்டத்துக்கு இறைப்பதில்லை. அவன் அன்று மத்தியானம் இறைத்தான். வெங்காயப் பாத்திகள் நிரம்பி வழிந்தும் நிறுத்தவில்லை. பெரியப்பாவின் மகனை நான்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். அவர் சேர்ட்டையும் போட்டுக்கொண்டு உடனே வந்தார். ஐயாவின் காலடியில் இருந்து, ஓம் சித்தப்பு, ஓம் சித்தப்பு என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதமே ஐயா போய்விட்டார்.

செத்தவீட்டில் நான் பயந்தது நடந்தது. பாடை தூக்கும் நேரம் தம்பி முன்னால் வந்து தோள் கொடுத்தான். இனத்தவர் ஒருவர், "கொள்ளி வையாதவன் தோளும் குடுக்கத் தேவையில்லை, விலத்து" என்றார். தம்பி விலத்தவில்லை. அசையவும் இல்லை. பறை நின்றுவிட்டது. பெண்களுக்குள் அழுதுகொண்டிருந்த நான் எழும்பினேன். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அதுவரை பேசியதில்லை.

"அவன் அவற்றை பிள்ளை. ஒரு வருஷமா இவரைத் தூக்கினது அவன்தான். இண்டைக்கும் தூக்கட்டும்."

பெரியப்பாவின் மகன், "சரி, தூக்குங்கோ" என்றார். பறை மறுபடி தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அங்கே நடந்ததை அடுத்த நாள் பெரியப்பாவின் மகன் எங்கள் வீட்டு வாங்கில் இருந்து சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். கையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு சொன்னார்.

"கொள்ளியைக் கையிலை தந்திட்டினம், தங்கச்சி. அந்த நேரம் பொம்பர் வந்தது. நல்லாப் பதிஞ்சு வந்தது. எல்லாரும் சிதறி ஓடினம். நானும் ஓடினன். கொள்ளியை எங்கை போட்டனெண்டு எனக்கே தெரியாது. வாய்க்காலுக்கை விழுந்து கிடந்து தலையைத் தூக்கிப் பாக்கிறன், உன்ரை தம்பி மட்டும் சிதையடியிலை நிக்கிறான்."

"ஓடேல்லையோ அவன்?"

"ஓடேல்லை. பொம்பர் சுத்தி மற்றத் தரமும் வந்தது. அப்பவும் நிண்டான். கொள்ளியைத் தேடி எடுத்து, நூந்துபோகாமல் ஊதிப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். இனி இவன் வைக்கப்போறான் எண்டுதான் நான் நினைச்சன். ஆர் கண்டது? வைச்சிருந்தால் ஆரும் பிழை சொல்லியிருக்கமாட்டினம். பொம்பர் எங்கையோ போய் அடிச்சுப்போட்டுப் போட்டுது. நான் எழும்பிக் கிட்டப் போனன். கொள்ளியை என்ரை கையிலை தந்தான். 'அண்ணை, ஐயா உங்களைத்தான் சொன்னவர்' எண்டான். தந்திட்டுப் பின்னாலை போய் நிண்டிட்டான்."

அவர் எழும்பிப் போகும்போது, வேலி விஷயமாக ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டார். வேலிச் சண்டை அதோடு தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. ஆனால் நாங்கள் பேசிக்கொண்டே சண்டை பிடித்தோம்.

தம்பிக்கு இரண்டு பக்கத்திலும் கெட்ட பேர்தான் கிடைத்தது. பாடை தூக்கியதற்கும் சிதையடியில் நின்றதற்கும் சபையில் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கொஞ்சக் காலம் முன்னால் நின்று செபம் சொல்ல விடவில்லை. ஊரில் பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன் என்றார்கள். அவன் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்த அன்று வளவில் பந்தல் போட்டான், தண்ணீர் அள்ளி நிரப்பினான், வந்தவர்களுக்கு இலை போட்டான். ஐயர் கிரியை செய்த இடத்துக்கு மட்டும் வரவில்லை. அவனை வா என்று கூப்பிடச் சொல்லிச் சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் கூப்பிடவில்லை. செய்தி காவுகிற வேலையை நான் விட்டுவிட்டேன்.

தொண்ணூற்று ஐந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்களோடு எங்களுக்கும் ஒரு மூலை கிடைத்தது. நான் ஆசிரியையாக இருந்து வகுப்பறையில் படுத்தது அப்போதுதான். கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை பாதியில் விட்ட கணக்கு அழியாமல் இருந்தது.

அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்து மழையைப் பார்ப்பதுதான். ஒரு பின்னேரம் தம்பி, தானாகவே, அந்தக் கதையை எடுத்தான்.

"ஐயா என்னைத் தள்ளிப்போட்டுத்தான் போனவர், என்ன அக்கா?"

இவ்வளவு காலமும் அவன் இதையா வைத்துக்கொண்டிருந்தான்?

"விசரே உனக்கு? அவர் உன்னை மதிச்சவர். நீ நம்பாததை உன்னைக்கொண்டு செய்விக்கமாட்டன் எண்டவர். எந்தத் தகப்பன் அப்பிடிச் சொல்லுவான்?"

"அதுக்கு முதல் சொன்னதையும் சொல்லுங்கோ. நம்பாதவன் வைக்கிற நெருப்பு எனக்கு வேண்டாம் எண்டவர்."

"அதுகும் சொன்னவர்தான்."

"நான் சபையையும் விட ஆயத்தமாயிருந்தன். அவர் வேண்டாமெண்டிட்டார்."

நான் சொல்லிப் பார்த்தேன். அவர் மனம் எனக்குத் தெரியும் என்றேன். அவர் சொன்னபோது தலையணையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான் என்றேன். அவனும் அங்கேதான் நின்றான். அதே சொற்களைத்தான் அவனும் கேட்டான். எனக்கு அவை ஒரு மரியாதையாகக் கேட்டன. அவனுக்குக் கதவு சாத்தியதாகக் கேட்டன. இரண்டும் அந்தச் சொற்களுக்குள் இருந்திருக்கக்கூடும் என்று இப்போது எண்ணுகிறேன். ஐயாவிடம் கேட்கவும் ஏலாது.

"நீங்கள் அப்பிடி நினையுங்கோ அக்கா" என்றான் தம்பி. கோபமில்லாமல்தான் சொன்னான். "நான் இப்பிடி நினைக்கிறன்."

அவனை மாற்ற எனக்குத் தெம்பு இல்லை. மாற்றவேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை. வெளியே தண்ணீர் பவுசர் வந்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். தம்பி எழும்பினான். நானும் எழும்பப் பார்த்தேன்.

"நீங்கள் இருங்கோ. கால் வீங்கிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி வரிசையில் போய் நின்றான்.